கீறினால் தீராத கட்டி

“சின்னக் கட்டிதானே டாக்டர், கீறி விட்டுடுங்க.” தாடை வீங்கிய முயலைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். மாட்டுக்கும் நாய்க்கும் அது சரி. கீறினால் சீழ் வழியும், புண் ஆறும். முயலின் சீழ் வழியாது. அதை நீர்க்கச் செய்யும் நொதி முயலின் வெள்ளையணுக்களில் மிகக் குறைவு. அதனால் சீழ் பற்பசைபோல் கெட்டியாகி, தடித்த உறைக்குள் இறுகிவிடும். பிதுக்கி எடுத்தாலும் அதே இடம் மறுபடி வீங்கும்.

வீக்கம் தாடையில் தெரிந்தாலும் மூலம் பெரும்பாலும் பல்லில்தான். முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்பவை. புல்லை அரைத்து அரைத்தே அவை தேய வேண்டும். ரொட்டியும் பிஸ்கட்டும் கேரட்டுமாக வளரும் முயலுக்குக் கடைவாய்ப்பல் தேயாமல் நீண்டு, வேர்ப்பக்கம் எலும்பை அழுத்தும். பல்லோரத்து இடுக்கில் கிருமி இறங்கும். மேல்தாடையில் இது நடந்தால் கண் பிதுங்கக்கூடும். அதனால் கட்டியைத் தொடுமுன் என்ன தின்கிறது, எவ்வளவு புழுக்கை போடுகிறது என்று கேட்பேன். பிறகு மண்டையோட்டு எக்ஸ்ரே. வசதி இருந்தால் சி.டி. ஸ்கேன்.

அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடுவதில்லை. அதற்கு வாந்தி வராது. வயிறு காய்ந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும் என்பதே பயம். மயக்கத்தில் கட்டியை உறையோடு எடுத்து, கெட்ட பல்லைப் பிடுங்கி, அரித்துப்போன எலும்பைச் சுரண்டுகிறேன். பிறகு புண்ணை மூடுவதில்லை. விளிம்பைத் தோலோடு தைத்து, புண்வாயைத் திறந்தே விடுகிறேன். அடியிலிருந்து சதை ஏறி, தானே மூட வேண்டும்.

மருந்திலும் கவனம் வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் சாகலாம். பென்சிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறோம். வலி மருந்து தவறக் கூடாது, வலித்தால் தின்னாது. தின்னாத முயலுக்குக் கரைத்த உணவைச் சிரிஞ்சில் ஊட்ட வேண்டும்.

எலும்புவரை போன நோய் திரும்ப வரலாம். அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கூடவே இன்னொன்றும்: “கத்தி வேலை எனக்கு ஒரு நாள்தான். தினமும் புண்ணைக் கழுவி, ஊட்டி, இனிப் புல்லுக்குப் பழக்குவது உங்கள் வேலை, வாரக்கணக்கில் ஆகும்.” இதற்குத் தலையாட்டுபவரோடு மட்டுமே அறுவை நாளைக் குறிக்கிறேன்.