தம்பூராவுக்கு ஒரு கை வேணும்



வெள்ளிக்கிழமை பஜனையில் ஒரு மாற்றத்தைக் கவனிச்சிருப்பீங்க. இரண்டு வருஷமா சுருதிப் பெட்டிதான் ஒலிச்சது. இப்போ மாமி மறுபடியும் தம்பூரா மீட்டுறாங்க. ஏன்னு பலரும் கேட்டதால இந்தப் பதிவு.

எங்க பழைய தம்பூரா பலாமரத்துல செஞ்சது, நாலடிக்கு மேல உயரம். வெளியே பஜனைன்னா வேன் பிடிக்கணும். கூட்ட நேரத்து எம்.ஆர்.டி-யில் அதைத் தூக்கிட்டுப் போக முடியாது. சிராங்கூன் ரோட்டு வெக்கையிலிருந்து ஏர்கான் மண்டபத்துக்குள்ள போனா சுருதி மாறிடும். கடைசியில் குடத்துலயே விரிசல் விட்டுடுச்சு.

அதனால பெட்டி வாங்கினோம். 1979-ல் பெங்களூரில், புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணு சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பட்டனை அழுத்தினா போதும், சுருதி அசையாது. இப்போ அது கைப்பேசியிலேயே கிடைக்குது. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை.

ஆனா மாமி வர்றது நின்னுபோச்சு. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவங்களால பாட முடியாது. தம்பூரா மீட்டுறதுதான் அவங்க செய்த சேவை. கூப்பிடப் போனப்போ, "அதான் பெட்டி இருக்கே, நான் எதுக்குப்பா?"ன்னு கேட்டாங்க. எங்களுக்குப் பதில் வரலை.

பதில் எங்க தொண்டூழியர் தம்பி ஒருத்தர்கிட்டேருந்து வந்தது. அவர் டபுள் பேஸ் வாசிப்பவர். அது ஆள் உயரத்துக்கு நிக்கிற பெரிய வயலின் மாதிரி. அவரும் அதைத் தூக்கித் திரிய முடியாம, எலக்ட்ரிக் அப்ரைட் பேஸுக்கு மாறினாராம். அதுல பெரிய மரப்பெட்டி கிடையாது. நீளமான கழுத்து, நாலு தந்தி, அதிர்வை வாங்க ஒரு பிக்கப். ஆம்பிளிஃபையர் இல்லாட்டி சத்தம் கேட்கிறதே கஷ்டம். பழைய பேஸோட மரநாதம் முழுசா வராதுன்னும் ஒத்துக்கிட்டார். "ஆனா அண்ணே, மரம்தான் போச்சு. நின்னு வாசிக்கிறது இன்னும் நான்தான்"னார்.

எங்களுக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. அவர் கருவி மரத்தோட பாரத்தைக் குறைச்சது, ஆளை அப்படியே விட்டுது. சுருதிப் பெட்டியிலோ கைக்கே வேலை இல்லை.

தேடினப்போ, குடம் இல்லாம தட்டையா, பிக்கப் வச்ச சின்னத் தம்பூராக்களும் செய்றாங்கன்னு தெரிஞ்சது. ஒரு குடும்பம் உபயமா வாங்கிக் கொடுத்தாங்க. தோளில் மாட்டிக்கிட்டு ரயிலேறலாம். நாதம் பழைய தம்பூரா அளவுக்கு நிறைவா இல்லைதான். ஆனாலும் மாமி பிரடையைத் திருகி, குதிரைமேல நூலை நகர்த்தி, காது கொடுத்துச் சுருதி சேர்க்கும்போது கூடமே அமைதியாகுது. அந்த அஞ்சு நிமிஷமும் இப்போ பூஜையில சேர்த்திதான்.

சுருதிப் பெட்டியும் இருக்கு, மாமிக்கு முடியாத நாளுக்கு.

பாட வராதுன்னு பின்னால உட்காருறவங்க தயவுசெய்து முன்னால வாங்க. மீட்ட நல்ல குரல் வேண்டாம், பொறுமை போதும். பஜனைக்கு அரை மணி முன்னால வந்தா மாமி சொல்லிக்கொடுப்பாங்க.

எல்லாருக்கும் முருகன் அருள் கிட்டட்டும்.