முகத்தின் கீழ் எழுதப்படும் வரி

ஒரு மனிதரின் புகைப்படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டால், அதன்பின் அவ்வரி காட்டும் முகத்தையே நாம் காண்கிறோம். ஆதலின் அவ்வரியை எழுதும் உரிமை யாருக்குரியது என்னும் கேள்வியை அழகியல் பேசுவோரிடம் மட்டும் விட்டுவிடுவதற்கில்லை.

இக்கேள்விக்குத் தக்க சான்று எமது களுத்துறையிலேயே உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். இங்கிலாந்தில் அவர் டெனிசனையும் டார்வினையும் படமெடுத்தவர். அப்படங்கள் பெயர் தாங்கியவை. 1868இல் எடுத்த தமது படத்தின் கீழ், தம்மை எடுத்த படங்களுள் இதையே தாம் மிகவும் விரும்புவதாக டார்வின் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். களுத்துறையிலோ, 1878இல் எடுத்த படமொன்றில் மூவர் இருக்கின்றனர். 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதே தலைப்பு. சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளின் தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் சொல்லிக்கொள்வதாகவும் குறிப்பு கூறுகிறது. பெயர் இல்லை. முதியவர் வாய்திறந்து சொன்னதும் ஐயத்தோடேயே பதிவாகியிருக்கிறது! படமோ அழகானது, அதை மறுப்பார் இல்லை.

ஏழைகள்பால் அன்புடையோரும் இதற்கு விலக்கல்லர். 1937இல் எர்ஸ்கின் கோல்ட்வெல்லும் மார்கரெட் பூர்க்-வைட்டும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் வாரக்குடியானவர் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். முகங்களின் கீழுள்ள வாசகங்கள் அம்மக்களின் பேச்சுப்போல் அமைந்தவை. ஆனால் அவை தமது கருத்தே என ஆசிரியர்கள் நூலின் தொடக்கத்திலேயே கூறிவிட்டனர். அந்நேர்மையைப் பாராட்டலாம். எனினும் பாட்டாளியின் சார்பில் பேசுவதாக எண்ணி அவன் வாயில் எமது சொல்லைத் திணிக்கும் வழக்கம், முற்போக்காளராகிய எம்மிடமும் இல்லையென்று சொல்ல முடியுமா? 1939இல் டொரதியா லாங்கேயும் போல் டெய்லரும் வேறு வழி சென்றனர். புலம்பெயர்ந்த உழவர் உண்மையில் பேசியவற்றையே படங்களோடு அச்சிட்டனர்.

ஜிம் கோல்ட்பேர்க் இன்னும் ஒருபடி சென்றார். 1977 முதல் 1985 வரை சான்பிரான்சிஸ்கோவின் மலிவு விடுதிகளில் வாழ்ந்த வறியோரையும், மாளிகைவாசிகளையும் படமெடுத்து, படத்தை அவர்களிடமே கொடுத்து, அதன்மேல் எழுதச் செய்தார். கையெழுத்தின் கோணலும் எழுத்துப்பிழையும் அப்படியே உள்ளன. ஒரு படத்தில் எசமானிக்குப் பின்னே பணிப்பெண் நிற்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியையாவதே தன் கனவாக இருந்தது என்றும், நாற்பதாண்டு வேலைக்காரியாய்க் கழிந்தது என்றும், திறமை இருந்தும் வாய்ப்பில்லை என்றும் அவள் எழுதியிருக்கிறாள். ஆசிரியத் தொழிலை மாதச் சம்பளமாக மட்டும் எண்ணும் நண்பர்கள் இப்படத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். எந்தப் படம் நூலில் ஏறவேண்டும் எனத் தீர்மானித்தவர் படப்பிடிப்பாளரே என்பதையும் மறத்தலாகாது.

எமது நாட்டில் முகமும் எழுத்தும் சேர்ந்த மிகப் பரவலான ஆவணம் தேசிய அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வந்தது அது. நாம் கற்பிக்கும் மலையகப் பாடசாலையில், சாதாரணதரப் பரீட்சைக்கு முன் மாணவர் அதற்கெனப் படம் எடுப்பர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்த அட்டை வீட்டில் சாமிப்படத்தின் அருகே வைக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம்.

கடந்த ஆண்டு அப்படத்தின் பிரதியொன்றைத் தாளில் ஒட்டி, கீழே விரும்பியதை எழுதுமாறு கூறினோம். முதலில் எல்லோரும் பெயர், பிறந்த திகதி, தோட்டம், லயத்தின் இலக்கம் என்றே எழுதினர். படிவத்தின் பழக்கம் அது. மறுநாள் வேறு தாள் கொடுத்தோம். தனக்குப் படத்தில் சிரிக்க அனுமதியில்லை என்று ஒருவன் எழுதினான். தன் முகம் கொழும்பில் வீட்டுவேலை செய்யும் அக்காவின் முகமே என்றும், அவளுக்குப் பதினான்கு வயதின்பின் எவரும் படம் எடுக்கவில்லை என்றும் ஒருத்தி எழுதினாள். "கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள் என்று எழுதவேண்டாம், சேர், அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள்" என்று மற்றொருத்தி எம்மிடம் நேரிற் சொன்னாள். அவள் எழுதியது தனக்குக் கணக்கு வரும் என்பது.

அவற்றை வகுப்புச் சுவரில் வைக்க அனுமதி கேட்டோம். முப்பத்தொருவருள் ஒன்பதுபேர் இசைந்தனர். ஏனையவற்றை மடித்து உறையிலிட்டு அவரவரிடம் கொடுத்துவிட்டோம்.