முள்ளை முள்ளாற் களைதல்

கல்லூரி நாட்களில் எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து உயிரியல் கற்ற நண்பர் ஒருவர், பல்லாண்டுகளின் பின் உணவுக்குழாயிற் புற்றுநோய் கண்டு படுத்திருந்தார். காணச் சென்ற எம்மிடம், "மச்சான், வைரசைக் கொண்டு புற்றைக் கரைக்கிறார்களாமே; அது எனக்குச் சரிவராதோ? அப்படியெண்டால் கத்தி வேண்டாமே" என்றார். உடன் விடை கூற எம்மால் இயலவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டு, நூல்களைத் தேடினோம்.

செய்தி பொய்யன்று. 1904 இல் யோர்ச் டொக் என்னும் அமெரிக்க வைத்தியர், குருதிப்புற்றுநோயுற்ற பெண்ணொருத்திக்கு இன்புளுவென்சா கண்டபோது அந்நோய் தணிந்தமையை எழுதிவைத்தார். அந்நன்மை நிலைக்கவில்லை. 1950களில் நோய்தரும் வைரசுகளையே நோயாளருக்கு ஏற்றிப் பார்த்தனர். சிலருக்குக் கட்டி சுருங்கிற்று. சிலருக்கு மூளையழற்சி நேர்ந்தது. முள் காலில் மீண்டுந் தைத்தது.

பின்னர் முள்ளைச் செதுக்கக் கற்றனர். உதட்டோரத்திற் கொப்புளம் எழுப்பும் ஹேர்ப்பீசு வைரசிலிருந்து, நரம்புக் கலங்களிற் பெருக உதவும் பரம்பரையலகையும், உடலின் காவலர் கண்ணிற் படாமல் மறைய உதவும் பரம்பரையலகையும் நீக்கினர். அக்காவலரை அழைக்கும் மனிதப் பரம்பரையலகு ஒன்றைப் புகுத்தினர். நற்கலம் இவ்வைரசை அடக்கிவிடும். தற்காப்புக் குன்றிய புற்றுக்கலத்திலோ அது பெருகி, அக்கலத்தை வெடிக்கச் செய்யும். சிதறிய கூறுகளைக் கண்டு உடலின் காவலரும் விழித்தெழுவர். இம்மருந்தை ஐக்கிய அமெரிக்கா 2015 இல், சத்திரசிகிச்சையால் முற்றாக அகற்றவியலாத மெலனோமா என்னும் தோற்புற்றுக்கு ஏற்றுக்கொண்டது. 436 பேரிடம் நடத்திய சோதனையில், இம்மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 16 பேரளவில் ஆறு திங்களுக்குக் குறையாத நற்பயன் கண்டனர். ஒப்பீட்டு மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 2 பேரே கண்டனர். சீனா 2005 இல் தலை, கழுத்துப் புற்றுக்கும், யப்பான் 2021 இல் மூளைப்புற்றுக்கும் வேறு வைரசு மருந்துகளை ஏற்றன.

இவற்றுள் ஒன்றேனும் எம் நண்பரின் நோய்க்கென ஏற்கப்பட்டதன்று. அதனை அவர் முகத்தைப் பார்த்துக் கூறுவது எமக்கு எளிதாயிருக்கவில்லை. நம்பிக்கையைப் பறிப்பதோ என அஞ்சினோம். பொய்ந்நம்பிக்கையால் நாட் கடத்துவது அதனினுங் கொடிதென எண்ணிக் கூறினோம். "வருங்காலத்தவர்க்கு அது உதவக்கூடும், இன்று உமக்கு உதவக்கூடியது கத்தியுங் கதிரும். அவற்றைத் தள்ளிப்போடாதீர்."

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "வாத்தியார் வகுப்பில் நீ விடை தெரிந்தாற்தான் கையுயர்த்துவாய்" என்று சிரித்து, மறுநாளே சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிட்டார். அதன் பின் நான்காண்டுகள் வாழ்ந்து, மகளின் திருமணத்தையுங் கண்டார்.

கல்லூரியன்னை எமக்களித்த விஞ்ஞானம் பரீட்சையுடன் முடிந்துவிட்டதென எண்ணியிருந்தோம். தெரிந்ததைத் தெரிந்த அளவிற் கூறும் அவ்வொழுக்கம், நண்பரின் கட்டிலருகே எமக்குத் துணைநின்றது. உணவு விழுங்கத் தடையுறும் அன்பர்கள் நாட் கடத்தாது வைத்தியரை நாடுவாராக.