நுவரெலியாப் பாதையும் பன்னிரண்டு பரிவலுவும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கும் மோட்டார்க் கார்களுக்கும் உள்ள உறவு மூன்று தலைமுறையைக் கண்டது. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் காரையும் அதன் காலத்து ஒஸ்ரின் கார்களையும் நம் பாட்டன்மார் வாங்கினர், தந்தைமார் ஓட்டினர், பேரப்பிள்ளைகள் துடைத்து வைத்தனர். 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றவை அந்தக் கிழக் கார்களே. புகை கக்கினும் போய்ச் சேர்ந்தன.

அந்த மொறிஸ் மைனரின் வரலாற்றிலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. முதலில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினுடன் வந்த கார், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. உடல் ஒன்று, உள்ளே வலு வேறு. ‘உள்ளதே போதுமா, வலுக் கூடியதை வாங்குவோமா?’ என்ற விவாதம் அன்றே பல வீட்டுத் திண்ணைகளில் நிகழ்ந்திருக்கும். அதே கேள்வி 2025ஆம் ஆண்டில் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது.

கேள்வி பிறந்த விதம்

நம்மிடமுள்ளது சுசுக்கி நிறுவனத்தின் வாகன் ஆர் என்னும் சிறு கார். ஜப்பானிய நாட்டுச் சட்டம் சிறு கார்களுக்கென ஓர் அளவு வகுத்துள்ளது: நீளம் 3.4 மீற்றருக்கும், அகலம் 1.48 மீற்றருக்கும், எஞ்சினின் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றருக்கும் மேற்படலாகாது. வலு 64 பரிவலுவைத் தாண்டாதிருப்பது அந்நாட்டுக் கார் உற்பத்தியாளர் தமக்குள் வைத்துக்கொண்ட எல்லை. நம் காரின் வலு 52 பரிவலு. அதே காரின் டேர்போ பூட்டிய மறுபிறப்பு, முழு எல்லையான 64ஐயும் தருவது. பேச்சில் குதிரைவலு என்கிறோமே, அதுவே பாடநூல்களிற் பரிவலு.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, ஐந்தாண்டுகளின் பின் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது, ஊரெங்கும் கார்ப் பேச்சாகவே இருந்தது. அவ்வேளையில் நம் மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடங் கிடைத்தது. இனி ஆண்டுக்கு நாலைந்து முறையாவது மலைநாட்டுக்குப் போய்வர நேரும். கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், “மாஸ்ரர், மலைக்குப் போறதெண்டால் டேர்போ இல்லாமல் சரிவராது. உங்கடை காரைக் குடுத்து, மேலாலை கொஞ்சக் காசைக் கட்டினால் மாத்தலாம்” என்றார்.

அவர் சொன்ன ‘கொஞ்சக் காசு’, நம் ஆசிரியச் சம்பளத்திற் பல மாதத்தது. கையிலிருந்ததோ சீட்டுப் பணம். மகளின் விடுதிக்கும் நூல்களுக்கும் என்று ஒதுக்கியது. இல்லாள் குரலை உயர்த்தவில்லை. “இஞ்சேருங்கோ, மலை வருசத்திலை நாலைஞ்சு தரம். பிள்ளையின்ரை செலவு மாதா மாதம்” என்று மாத்திரம் சொன்னார். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆகவே, பாதையையே கேட்டுவிடுவோம் என்று, ஆவணி விடுமுறையில் நால்வரும் அதே காரிற் புறப்பட்டோம். பேராதனையோடு நில்லாமல், ஏற்றம் மிகுந்த நுவரெலியா வரை செல்வதென முடிவாயிற்று.

சமவெளியின் சாட்சியம்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ-9 பாதை 321 கிலோமீற்றர் நீளமுடையது. நெடுங்காலம் மூடுண்டு, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின் நமக்குக் கிடைத்த பாதை அது. ஆனையிறவிற் காலை ஒளி உப்புநீரிற் பட்டுச் சிதற, இருபுறமும் பரவைக்கடல் கிடக்க, கார் ஓசையின்றி ஓடிற்று. பளையிலும் பரந்தனிலும் ஏற்றமென்று சொல்ல ஒரு மேடும் இல்லை. முறிகண்டிப் பிள்ளையார் முன்னிலையில் எல்லா வாகனங்களையும்போல நாமும் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். அங்கே பெரிய சொகுசுக் காரும் பழைய லொறியும் ஒரே வரிசையில் நின்றன.

மாங்குளத்துக்கு அப்பால் நண்பரின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது, மணல் ஏற்றிய ஒரு ரிப்பர். அது மணிக்கு 50 கிலோமீற்றரிற் போயிற்று. ஊர்மனை இல்லாத இடங்களிற் கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் 70. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 20. அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். பின்னாலிருந்து விலகி, அதன் நீளத்தைக் கடந்து, முன்னே பாதுகாப்பாய்ச் சேர 40 மீற்றர் வேண்டுமெனின், ஏழு செக்கனுக்கு மேல் நாம் எதிர்ப்பக்கத்தில் இருப்போம். அதற்குள் நாம் ஓடுவது 140 மீற்றர்; எதிரே 70இல் வரும் வாகனம் ஓடுவதும் 140. ஆக, 280 மீற்றர் வெறுந் தெரு வேண்டும். 50இலிருந்து 70ஐ எட்டுவதற்கு நம் கார் எடுக்கும் செக்கன்கள் இதற்கு மேலதிகம். டேர்போக் கார் அந்த மேலதிகத்தைக் குறைக்கும். இதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் அக்கணக்கின் பெரும்பகுதியான ஏழு செக்கனையும் 280 மீற்றரையும் எந்த எஞ்சினாலும் குறைக்க இயலாது, 70ஐ மீறினாலன்றி. முன்னே 280 மீற்றர் தெளிவாகத் தெரியாத இடத்தில் 52 பரிவலுக் காரும் முந்தலாகாது. 64 பரிவலுக் காரும் முந்தலாகாது. நாம் ரிப்பரின் பின்னாலேயே சென்று, நெடிய நேர்த்தெரு வந்ததும் கடந்தோம். அதனால் இழந்த நேரம், முறிகண்டியிற் கச்சான் வாங்கிய நேரத்திலும் குறைவு.

மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து, மாத்தளையிலிருந்து மலைகள் நெருங்கத் தொடங்கின. கண்டிக்கு ஏறும் அப்பகுதியில் எஞ்சின் சற்றே முணுமுணுத்தது, அவ்வளவே. மகள் இனி அடிக்கடி செல்லவேண்டிய பாதை முழுவதும் அத்துடன் முடிந்தது. பேராதனையில் மகாவலியோரத்து மரநிழலில் நின்று அவள் தன் பல்கலைக்கழகத்தைப் பார்த்தாள். மறுநாட் காலை கம்பளை வழியாக மலை ஏறினோம்.

ஏற்றத்தின் கணக்கு

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பாதையைக் காணாதவர் ஒருமுறை காணல் வேண்டும். ஒருபுறம் தேயிலை மலை. மறுபுறம் ஆழ்ந்த பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம். இறம்பொடையில் நீர்வீழ்ச்சி வெள்ளைச் சேலை விரித்தாற்போல் வீழ்கிறது. அதற்குமேற் கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியுள்ளன. கீழே பார்த்தால், சற்றுமுன் கடந்த வளைவிலே பின்னால் வரும் பஸ் தீப்பெட்டி அளவிற் தெரியும்.

இங்கேதான் நம் கார் வாய்விட்டு முறையிட்டது. எஞ்சினின் சுழற்சி ஏறி, ஓசை பெருகி, பின்னாசனத்து மகன், “அப்பா, கார் அழுது” என்றான். காரணம் எளிது. 52 பரிவலுவும் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 முறை சுழலும்போது. டேர்போ இயந்திரமோ, வெளியேறும் புகையின் விசையாற் காற்றை நெருக்கி உள்ளே செலுத்துவதால், குறைந்த சுழற்சியிலேயே நிறைந்த இழுவையைத் தரும். இன்னொன்று: நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே உள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. காற்றுக் குறைய, எஞ்சினின் வலுவும் அவ்வளவு குறையும். யாழ்ப்பாணத்து 52 பரிவலு, நுவரெலியாவில் 43 ஆகிவிடும். டேர்போ இக்குறையைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். நண்பர் சொன்னது வீண்வார்த்தை அன்று.

நிற்க, மலை உண்மையில் எவ்வளவு வலுவைக் கேட்கிறது? மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். ஒரு பரிவலு என்பது, 75 கிலோகிராம் பாரத்தை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயர்த்தும் வலு. ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்த காரின் பாரம் 1,000 கிலோகிராம் எனவும், நூறு மீற்றர் ஓட எட்டு மீற்றர் உயரும் ஏற்றம் எனவும் கொள்வோம். வளைவுகள் மிகுந்த அப்பாதையில் 30 கிலோமீற்றர் வேகம் தாராளம். அது செக்கனுக்கு 8.3 மீற்றர். எனவே கார் ஒரு செக்கனில் உயர்வது 0.67 மீற்றர். 1,000ஐ 0.67ஆற் பெருக்கி 75ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 வரும். ரயரின் உராய்வையும் காற்றின் தடையையும் தாராளமாய்ச் சேர்த்தால் 12 பரிவலு.

மலை கேட்டது பன்னிரண்டு. மெலிந்த காற்றிலும் நம்மிடம் இருந்தது நாற்பத்துமூன்று. கார் அழவில்லை, சற்று உரக்கப் பேசிற்று. வலுக் கூடிய காருக்கு நாம் கொடுக்க நேர்ந்த பணம், மலை ஏறுவதற்கான விலை அன்று. ஓசை குறைவாய் ஏறுவதற்கான விலை. அதுவும் ஒரு சுகமே. மகளின் விடுதிப் பணத்தாற் கொள்ளத்தக்க சுகமா என்பதே கேள்வி.

இறக்கத்தின் பாடம்

மூன்றாம் நாள் திரும்புகையில் லபுக்கலைக்குச் சற்றுக் கீழே ஒரு மரக்கறி லொறி ஓரமாய் நின்றது. சில்லுகளிலிருந்து பிறேக் கருகிய நாற்றம் வந்தது. அதன் சாரதி, தலை நரைத்த மலையகத்துத் தமிழர், சில்லின்கீழ்க் கல் வைத்துவிட்டு ஆறுதலாய் நின்றார். நாம் காரை நிறுத்தி உதவி வேண்டுமா என வினவ, அவர் சிரித்து, “ஒன்னும் இல்லீங்க சேர், ஆறட்டும். நேத்து வந்த பையன் ஓட்டுனான், பிறேக்கயே மிதிச்சிட்டு வந்துட்டான். ஏறுன கியர்லயே எறங்கணும் சேர். அவ்வளவுதான் இந்த ரோட்டு” என்றார்.

அவர் சொன்னதற்கும் ஒரு கணக்கு உண்டு. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் இறங்குகிறோம். 1,000 கிலோகிராம் பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடும் சக்தி, நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அச்சக்தியிற் பெரும்பகுதியை எஞ்சினின் பிடியால் அடக்காவிடின், அத்தனையும் பிறேக்கிற் சூடாய் ஏறும். இங்கே 52உம் 64உம் ஒன்றே. ஏறுவதற்குத் துணைசெய்யும் வலு, இறக்கத்தில் நம்மைக் காவாது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி இதே பாதையிற் கரண்டியெல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்விடத்தைக் கடக்கையிற் காரில் எவரும் பேசவில்லை.

வளைவுகளின் ஓரத்தே கொழுந்துக் கூடையுடன் பெண்களும், கைகோத்த சிறுவரும் நடந்து சென்றனர். அவர்களுக்கு நடைபாதை இல்லை. தெருவின் வெள்ளைக் கோடே எல்லை. அந்த மலையைத் தேயிலையாக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நம் எஞ்சின் எவ்வளவு வலுவுடையதாயினும், அவர்கள் நடக்கும் வேகத்தை எண்ணியே நாம் வளைவைத் திரும்பல் வேண்டும்.

தீர்ப்பு

வீடு வந்ததும் கணக்குப் புத்தகத்தை விரித்தோம். நம் கார் ஆண்டில் ஓடுவதிற் பெரும்பங்கு கல்லூரிக்கும், கடைத்தெருவுக்கும், கோயிலுக்கும். எல்லாம் கடல்மட்டத்துச் சமவெளி. பேராதனைக்குப் போய்வருவதிலும் ஏற்றம் சில கிலோமீற்றரே. நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ குடியிருந்து, நாள்தோறும் குடும்பத்தோடு மலை ஏறி இறங்குபவர் டேர்போக் காரை வாங்குவது தக்கதே. அவருக்கு அது வீண்செலவாகாது. 2022ஆம் ஆண்டில் வாரத்துக்கு இருபது லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டு வாழ்ந்த நாட்களை மறவாத நமக்கோ, உள்ள கார் போதும்.

ஆனாற் பாதை சொன்னதை முற்றாகத் தள்ளவும் இல்லை. நான்கு ரயர்களையும் மாற்றினோம். பிறேக் கட்டைகளைப் புதிதாய்ப் பூட்டி, பிறேக் எண்ணெயையும் மாற்றுவித்தோம். மாறிய காருக்குக் கொடுக்கவிருந்ததிற் சிறு பகுதியே அதற்குச் செலவாயிற்று. மிகுதி, மகளின் பெயரில் வங்கியில் இருக்கிறது. நண்பரிடம் பன்னிரண்டு பரிவலுக் கணக்கை எழுதிக் காட்டினோம். அவர் இருமுறை சரிபார்த்தார். “கணக்குச் சரி மாஸ்ரர். ஆனால் சத்தம்?” என்றார். சத்தத்துக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அதைப் பொறுத்துக்கொள்வதென்று வீட்டார் நால்வரும் உடன்பட்டுள்ளோம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய புயலும் மண்சரிவும் மலையகத்துத் தெருக்கள் பலவற்றைச் சிதைத்தன. இனி அங்கு செல்வோர், புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரித்துச் செல்க. விடுமுறையில் மலை ஏற எண்ணும் குடும்பங்கள் எஞ்சினின் இலக்கத்தைப் பார்க்குமுன், ரயரின் தேய்வையும் பிறேக்கின் தடிப்பையும் பார்க்கட்டும். ஏறின கியரிலேயே இறங்கட்டும். இறம்பொடையிற் சற்று நின்று நீர்வீழ்ச்சியைப் பார்க்கட்டும். எஞ்சினும் ஆறும், பிள்ளைகளின் கண்ணும் நிறையும்.