பீரோவில் கிடக்கும் பத்திரம்

சித்திரைத் திருவிழா முடிந்து கௌமாரியம்மன் கோயில் கடைகள் கலைந்ததும், வீரபாண்டியில் எங்கள் வீடுகளில் கடன் பேச்சு தொடங்கிவிடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். பெரியாறு அணையில் தண்ணீர் திறந்துவிட்டால், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்திலும் நாற்றுப் பாவ வேண்டும். இரண்டு செலவும் ஒன்றாகவே வந்து நிற்கும். அப்போது நம் கண் போகும் இடங்கள் இரண்டு: ஒன்று மனைவியின் கழுத்து, மற்றொன்று பீரோவின் அடித்தட்டில் மஞ்சள் பையில் கிடக்கும் எல்.ஐ.சி. பத்திரம்.

பத்திரத்தின் மேல் கடன் பெறுவது எளிது. நடப்பிலுள்ள பாலிசிக்குப் பொதுவாகச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். அசலைக் கேட்டு எவரும் வாசலில் வந்து நிற்பதில்லை. தீராத கடன், முதிர்வின்போதோ மரணத்தின்போதோ வரும் தொகையில் கழிந்துவிடும். வட்டியும் கட்டாமல் விட்டு, கடன் சரண்டர் மதிப்பை மீறினால் பாலிசியே முடிந்துபோகவும் கூடும். ஆயினும் கந்துவட்டிக்காரரிடம் போவதைவிடவும், பாலிசியை அடியோடு சரண்டர் செய்வதைவிடவும் இது நல்ல வழி என்பதில் நமக்கு ஐயமில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. நகையை அடகு வைக்க வேண்டுமென்றால் அவளிடம் கேட்டாக வேண்டும். அவள் கழற்றித் தரும் அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பத்திரத்துக்கு அது தேவையில்லை. அதில் வாரிசாக எழுதப்பட்டிருப்பது அவள் பெயர். கடனுக்குத் தேவையான கையெழுத்தோ நம்முடையது மட்டும்.

சட்டம் அவளை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1938ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தத்தின்படி, கடனுக்காகப் பாலிசியை எவருக்கு மாற்றி எழுதினாலும் வாரிசு நியமனம் ரத்தாவதில்லை. கடன் அளவுக்கே அவள் உரிமை குறைகிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதன்கீழ் மனைவி மக்களுக்கென எடுத்த பாலிசி, அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்து. கணவன் தன் கடனுக்கு அதை ஈடுவைக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டு எழுதி வாங்கியவர்கள் அரிது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பத்திரத்தின் மேல் கடன் இருந்ததை அறிந்தார். குறைந்துபோன தொகையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வளையலக் கழட்டிக் குடுத்திருப்பேன்ல" என்று மட்டும் சொன்னார்.

கடன் வாங்குவது குற்றமன்று. நம் மரணத்துக்குப் பின் அவள் கைக்கு வரவேண்டிய பணத்தில் நாம் இன்று கடன் எடுக்கிறோம். கேட்டுவிட்டு எடுக்கலாம். கடன் ரசீதையும் அதே மஞ்சள் பையில், அவள் கண்ணில் படும்படி வைக்கலாம்.