புகை தெரிந்தால் கடைசி வண்டிதான் முதல் வண்டி

பிப்ரவரி பிறந்துவிட்டால் முதுமலையில் தேக்கு மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். கால் வைத்த இடமெல்லாம் சருகு நொறுங்கும். மேலே ஊட்டிப் பக்கத்தில் மார்கழி, தை உறைபனியில் கருகிய புல், வெயில் ஏறியதும் சரிவு முழுக்கக் காய்ந்து கிடக்கும். கோடை மழை நன்றாக இறங்கும்வரை இது தீக்காலம். கோவையிலிருந்து மைசூருக்குக் குழுவாகக் கிளம்ப பைக்காரர்கள் ஆசைப்படுவதும் இதே மாதங்களில்தான். சாலையில் ஈரம் இருக்காது, மண்சரிவு பயம் இல்லை, காலைக் குளிர் வண்டி ஓட்டச் சுகமாக இருக்கும்.

தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றத் தடங்களை மூடிவிடுகிறது. நெடுஞ்சாலையை அப்படி மூடுவதில்லை. ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாகக் குண்டல்பேட்டைக்குப் போகும் சாலையில், புலிகள் காப்பகப் பகுதிக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. அது விலங்குகளுக்காகப் போட்ட தடை. மற்ற நேரத்தில் போவதா, நிற்பதா, திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் குழுவை நடத்துபவர்தான். பத்துப் பன்னிரண்டு வண்டிகள், ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு அனுபவம். இந்தப் பொறுப்பின் கனம் தெரிந்தவர்கள் வரைபடத்தை விரித்ததும் முதலில் தேடுவது, வண்டியைத் திருப்ப வசதியான இடங்களை.

மலையில் தீ எப்படி நகரும் என்று தெரியாமல் பயணத் திட்டத்தைப் போட முடியாது. தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், அது மேட்டை நோக்கி விரைந்து ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. பகலில் வெயில் ஏற ஏற, காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும். சரிவும் காற்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும் பிற்பகல்தான் மிகவும் ஆபத்தான நேரம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிற்பகலில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்தது. அதில் 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நடந்து போனவர்கள், பைக்கில் போகிறவர்களுக்கு வேகம் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவதுண்டு.

அந்த வாதத்துக்குப் பதில் கொண்டை ஊசி வளைவுகளிலேயே இருக்கிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் பாதையில் 36 வளைவுகள். சாலை ஒரே சரிவை இடமும் வலமுமாக மறுபடி மறுபடி கடக்கிறது. பைக் ஒவ்வொரு வளைவாகச் சுற்றி ஏற வேண்டும். தீ நேராக ஏறும். கீழே பத்தாவது வளைவின் ஓரம் பற்றிய புல், இருபதாவது வளைவில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டிக்கு முன்னால் போய்ச் சாலையை மறித்துவிடலாம். அதனால் மலைப்பாதையில் தனக்குக் கீழே புகையைக் கண்டால் அதைத் தாண்டிவந்துவிட்டோம் என்று அனுபவசாலிகள் நிம்மதி அடைவதில்லை. மேலே தெரியும் புகையைவிடக் கீழே தெரியும் புகைக்கு அதிகம் அஞ்சுகிறார்கள்.

மாற்றுப் பாதை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். முதுமலை வழி அடைபட்டால் சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாம்ராஜ்நகர் போய்விடலாம் என்று பலரும் எழுதி வைப்பார்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் பாதையும் புலிகள் காப்பகத்துக்குள்தான் போகிறது. அங்கேயும் அதே மாதத்தில் அதே வறட்சி, அதே காற்று. கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போய்க் குண்டல்பேட்டையைப் பிடிக்கலாம் என்றால் அந்தச் சாலையும் வயநாடு, பந்திப்பூர்க் காடுகளைக் கடந்தே ஆக வேண்டும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது, விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. அந்த அளவு தீ ஒரு சாலையோடு நிற்காது. தீக்காலத்துக்கான மாற்றுப் பாதை காட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கோவையிலிருந்து சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு வழியாக மைசூரு போவது நீண்ட சுற்று, மலையழகும் கிடையாது. ஆனாலும் திட்டத்தாளில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளே போக, வெளியே வர ஒரே வழி மட்டும் இருக்கும் இடங்களைத் தீக்காலத்தில் அடியோடு தவிர்ப்பது நல்லது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 2020 செப்டம்பர் 5 அன்று, மாமத் பூல் என்ற நீர்த்தேக்கத்தின் கரையில் விடுமுறைக்காக முகாமிட்டிருந்தவர்களின் ஒரே சாலையைக் காட்டுத்தீ துண்டித்தது. ராணுவ ஹெலிகாப்டர்கள் இரவில் புகைக்குள் இறங்கி 200-க்கும் மேற்பட்டவர்களை மீட்டன. அவர்களிடம் கார்களும் இருந்தன, பெட்ரோலும் இருந்தது. போவதற்குச் சாலைதான் இல்லை.

அடுத்தது நேரக் கணக்கு. செயற்கைக்கோள்கள் பிடிக்கும் தீப்புள்ளிகளை நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்திலும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்திலும் யாரும் பார்க்கலாம். 375 மீட்டர் துல்லியம் உள்ள விர்ஸ் கருவி ஓரிடத்தின் மேல் நடுப்பகல் தாண்டியும் நள்ளிரவு தாண்டியும் கடக்கிறது. ஆகவே விடியற்காலை 5 மணிக்குக் கைபேசியில் தெரிவது பெரும்பாலும் நள்ளிரவு நிலவரம். காலை 10 மணிக்குப் பற்றிய தீ பிற்பகல்வரை அதில் வராமல் போகலாம். காப்பகச் செக்போஸ்டில் நிற்கும் காவலரிடம் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, ‘உள்ளே எங்கேயாவது புகை இருக்கா அண்ணா?’ என்று கேட்பதற்கு ஈடான தகவல் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

காற்று எழும் முன் காட்டைக் கடக்க வேண்டுமானால் கோவையில் அதிகாலையில் புறப்பட்டும் பயனில்லை. ஊட்டி ஏறி இறங்குவதற்குள் வெயில் ஏறிவிடும். முதல் நாள் கூடலூரில் தங்கி, மறுநாள் தடை நீங்கும் 6 மணிக்கே நுழைவதுதான் சரி. குண்டல்பேட்டை சுமார் 50 கிலோமீட்டர். பெட்ரோலை முந்தைய இரவே கூடலூரில் நிரப்பிவிட வேண்டும். ஹிமாலயன் 450 டேங்கில் 17 லிட்டர், கிளாசிக் 350-இல் 13 லிட்டர். குழுவில் எது மிகச் சிறிய டேங்கோ, அது போய்த் திரும்பி இன்னொரு சுற்றுப் பாதையும் போகும் அளவுக்குக் கணக்குப் போட வேண்டும்.

சமவெளிச் சாலையில் பெரிய குழுக்கள் சந்திப்புக்குச் சந்திப்பு ஓர் ஆளை நிறுத்தி வழிகாட்டும். காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தவே அனுமதி இல்லை என்பதால் அந்த முறை இங்கே உதவாது. நான்கு ஐந்து வண்டிகளாகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் போக வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னே ஒரு லீட், பின்னே ஒரு ஸ்வீப். சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசியை நம்ப முடியாது. அதனால் கூடலூரிலேயே ஓர் ஒப்பந்தம்: முன்னே போன தொகுதி எதிரே திரும்பி வந்தால், காரணம் கேட்காமல் மற்றவர்களும் திரும்ப வேண்டும். பேச்செல்லாம் கூடலூர் போய்ச் சேர்ந்த பிறகு.

திரும்பும் அந்த நொடியில் வரிசை தலைகீழாகிறது. ஸ்வீப்தான் இனி லீட். பல குழுக்களில் பொறுமைசாலி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கடைசியில் விடுகிறார்கள். தீக்காலத்தில் அது போதாது. லீடிடம் இருக்கும் அதே வரைபடம், அதே தொலைபேசி எண்கள், அதே அனுபவம் ஸ்வீப்பிடமும் இருக்க வேண்டும். குறுகிய சாலையில் ஒவ்வொருவராகத் திருப்புவதும் பழக வேண்டிய வேலை: பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, ஸ்வீப் முதலில் திருப்பி ஓரமாகக் காத்திருக்க, மற்றவர்கள் கடைசியிலிருந்து முன்னோக்கி வரிசையாகத் திருப்ப வேண்டும். வனத்துறை ஜீப்புக்கும் தண்ணீர் லாரிக்கும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். தீக்குத் தப்பி ஓடிவரும் மான்களும் யானைகளும் சாலைக்கு வரலாம் என்பதால் திரும்பும் வேகமும் மிதமாகவே இருக்க வேண்டும். மறுமுனை தெரியாத புகைக்குள் யாரும் நுழையக் கூடாது.

தீயிடமிருந்து தப்புவது மட்டும் குழுவின் கடமை ஆகாது. இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் பெரும்பகுதி மனிதர்களால் வருவது. மலை ஏறிவந்த வண்டியின் சைலன்சரும் அதனுள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சில நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும். படம் எடுப்பதற்காக வழியில் உள்ள பைக்காராவுக்கு அருகில் சாலையோரப் புல்லில் சைடு ஸ்டாண்டு போட்டால், வண்டி சாய்ந்து புல் அந்த உலோகத்தைத் தொடும். உடனே ஒன்றும் தெரியாது. குழு கிளம்பிப் போன பிறகுதான் கனன்றது பற்றும். ஆகவே நிறுத்துமிடம் தார், சரளை அல்லது வெறும் மண்ணாக இருக்க வேண்டும்; நிறுத்தியவர் குனிந்து சைலன்சருக்கு அடியில் பார்த்துவிட்டே நகர வேண்டும். உண்ணிச்செடிப் புதர் மண்டிய ஓரங்களில் நிறுத்தவே கூடாது. அது காய்ந்தால் தரைத்தீயை மரக்கிளைவரை ஏற்றிவிடும். சிகரெட்டை ஊருக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எழுதி வைத்தாலும் குழுவைக் காட்டுக்குள் பிடித்துத் தள்ளும் ஒன்று உண்டு: மைசூரில் கட்டிய முன்பணம். தீயால் பயணம் நின்றால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்று அறை எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் ஆளுக்கு ஒரு தொகையைப் பொதுப்பணமாக வாங்கி வைத்து, இழப்பு வந்தால் அதிலிருந்து சரிக்கட்டலாம். அந்தப் பணம் கையில் இருந்தால், புகையைக் கண்ட காலையில் கூடலூரில் இன்னும் ஒரு நாள் தங்குவதும் எளிது, நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கி, பாலக்காடு சுற்றிக் கோவை திரும்புவதும் எளிது.