மணி ஒலிக்கும் இடம்

கேட்கிறவனின் காது மாறிப்போனால் ஒலியே மாறிவிட்டதாகக் கொள்ளலாமா என்பது, இளைஞர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடக் கூடிய விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வோக்ஸ் ஏ.ஸி.30 ஆம்ப்ளிஃபயர் என் மேஜைக்கு வந்த பிறகு அது ஸ்தூலமான பிரச்னையாகிவிட்டது. ஈயமும் இடுக்கியும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல வேண்டிய பிரச்னை.

கொண்டுவந்தவர் 78 வயது ஆங்கிலேயர். 1960களில் மேற்கு லண்டன் மதுக்கூடங்களில் கிதார் வாசித்தவர். பெட்டி முப்பது கிலோவுக்கு மேல். பேரன் தூக்கி வந்தான், அவர் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார். 1964ல் தவணையில் வாங்கியதாம். “இதில் இருந்த சப்தம் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுங்கள்” என்றார். வேறு விவரம் எதுவும் சொல்லவில்லை.

ஏ.ஸி.30, கெண்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் ஜென்னிங்ஸ் கம்பெனி செய்தது. வடிவமைத்தவர் டிக் டென்னி. அவருடைய முந்தைய ஏ.ஸி.15, கூச்சலிடும் ரசிகர்கள் நிறைந்த அரங்கங்களுக்குப் போதவில்லை. எனவே 1950களின் இறுதியில் இரண்டு இ.எல்.84 வால்வுகள் நான்காயின. 12 வாட் தாங்கும் என்று உற்பத்தியாளர் சொன்ன வால்வை அதற்கும் மேலே எரிய விடுகிற சர்க்யூட் அது. மேலே கையை வைத்தால் சுடும். இதில் நெகடிவ் ஃபீட்பேக் கிடையாது. வெளியே போவதில் ஒரு துளியைத் திரும்ப வாங்கி, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். வீட்டில் இசைத்தட்டு கேட்கும் கருவிகளுக்கு அது ஒழுக்கம். கிதார்க்காரனுக்கு அது இல்லாததில்தான் ருசி.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. முதலில் வந்த ஏ.ஸி.30 சற்று மந்தமாக ஒலிக்கிறது என்று வாசித்தவர்கள் குறைப்பட்டார்கள். ஒரு வால்வும், ட்ரெபிள், பாஸ் என்று இரண்டு திருகுகளும் கொண்ட சிறு தகட்டை, பின்பலகையை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார்கள். டாப் பூஸ்ட் என்று பெயர். சில வருஷங்களில் அது கட்டுப்பாட்டுப் பலகைக்கே ஏறிவிட்டது. இன்று சேகரிப்பவர்கள் கைபடாத மூலம் என்று கொண்டாடி, பெரும் விலை கொடுத்து வாங்குவது இந்த ஒட்டுவேலையைத்தான். பாடபேதம் உள்ளே புகுந்து மூலமாகிவிட்டது. ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

செருகியைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்ஸர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, அப்புறமும் இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் நான் உள்ளே போவேன். யாரோ ஒருவர் எனக்கு முன்னால் அங்கே போயிருக்கிறார். முதல் ஃபில்டர் கண்டென்ஸரை எடுத்துவிட்டு 100 மைக்ரோஃபாரட் வைத்திருந்தார். பழையதைப் போலப் பல மடங்கு. ஹம் குறையட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஜி.இஸட்.34 என்ற ரெக்டிஃபயர் வால்வுக்கு விதித்திருக்கும் உச்சவரம்பு 60. அதைத் தாண்டினால் ஸ்விட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த வால்வுக்கு அடி விழும். இதைவிட நுட்பமான நஷ்டம் வேறொன்று. தந்தியை வேகமாக அடிக்கும்போது இந்த மாதிரிப் பெட்டியில் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து பிறகு எழும். வாசிப்பவனின் விரலுக்கு அந்தத் தொய்வு தெரியும். பெரிய கண்டென்ஸர் அதை இறுக்கிவிட்டது. நான் 32 வைத்தேன்.

ஒரு கப்ளிங் கண்டென்ஸர் கசிந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு இ.எல்.84 வரம்பு மீறி, இருட்டில் பார்த்தால் அதன் ப்ளேட் செந்நிறமாகத் தெரிந்தது. அந்த இரண்டையும் மாற்றினேன். மஞ்சள் நிற முல்லார்ட் கண்டென்ஸர்கள் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒழுங்காக இருந்தன. தொடவில்லை. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துச் சிற்பங்களின் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் தேய்த்த கதை தெரிந்தவன் நான். திரும்ப முடியாத காரியங்களில் எனக்குக் கை ஓடாது.

அவர் வந்தார். இருபது நிமிஷம் வாசித்தார். கை இன்னும் நன்றாகவே இருக்கிறது. நிறுத்திவிட்டு, “தொய்வு வந்துவிட்டது. மணி வரவில்லை” என்றார். ஏ.ஸி.30ன் உயர் ஸ்வரங்களில் ஒரு சிறு மணி கிணுகிணுப்பது போல் இருக்கும். அதைத்தான் சொன்னார். ட்ரெபிளை முழுக்க ஏற்றினார். சுவரோரம் நின்ற பேரன் முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

அவர் போன பிறகு ஸிக்னல் ஜெனரேட்டரையும் ஆஸிலோஸ்கோப்பையும் மாட்டிப் பார்த்தேன். சர்க்யூட்டின்படி என்ன வர வேண்டுமோ அது வந்தது. மணி ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. வயதாகும் காது மேலிருந்து கீழாக அடைத்துக்கொண்டு வரும். பெரும் சத்தத்தில் வாழ்ந்த காதில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு பள்ளமும் விழும். கிதார் ஸ்பீக்கரோ 5000க்கு மேலே பெரிதாக ஒன்றும் தராது. ஆக, மணி இருக்கும் இடமும் பள்ளம் விழும் இடமும் ஒன்றுதான். பள்ளம் தோண்டியதில் இந்தப் பெட்டிக்கும் பங்கிருக்க வேண்டும். வருஷக்கணக்கில் இரவுதோறும் அதற்கு ஒரு கஜ தூரத்தில் நின்றவர்.

இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன், சொன்னேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது. காதுக் கருவியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதைப் போட்டுக்கொண்டு வாசித்தால் தகரத்தில் ஆணியை உருட்டுவது போலிருக்கிறதாம். இருக்கும். அது பேச்சுக்காகச் செய்த கருவி. “பெட்டியில் கோளாறில்லை என்கிறீர்கள். சரி. எனக்கு மணி வேண்டும்” என்றார்.

படைப்பு பக்கத்தில் இருக்கிறது, வாசகனின் மனநிலையில் இல்லை என்று வாதாடி வந்தவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. வாசகனுக்குத் தகுந்தபடி வளைக்கிற எழுத்தின் கதி என்ன என்பதை நம் வாரப் பத்திரிகைகளில் பார்த்தாயிற்று. ஆனால் இவர் வெறும் வாசகர் இல்லை. ஆம்ப்ளிஃபயர் தனியாக ஒரு படைப்பும் இல்லை. விரல், தந்தி, பெட்டி, காது, மறுபடி விரல் என்று ஒரு வட்டம். கேட்பதை வைத்துத்தான் அடுத்த அடியின் அழுத்தத்தை விரல் தீர்மானிக்கிறது. அவருடைய வட்டத்தில் ஓரிடம் அறுந்திருக்கிறது. அந்த இடம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்ற காரணத்துக்காக நான் கையைக் கட்டிக்கொள்வது நேர்மையா, சோம்பலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிரில்லியண்ட் சானலில் வால்யூம் திருகின் குறுக்கே 100 பிக்கோஃபாரட் கண்டென்ஸர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. திருகு தாழ்ந்திருக்கும்போது உயர் ஸ்வரங்கள் மட்டும் அதன் வழியாகத் தப்பிப் போகும். முழுக்க ஏற்றினால் அதற்கு வேலை இல்லை. அவர் இப்போது வாசிப்பது அடுக்கு மாடி வீட்டில், கால்வாசித் திருகில். குறடு மாட்டிய ஒயரால் அதன் மேல் இன்னொன்று சேர்த்துக் காட்டினேன். 220க்குத் தலையசைத்தார். 390 வைத்தபோது வாசிப்பதை நிறுத்தவில்லை. ஒன்றும் சொல்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அது பல்லைக் கூச வைத்தது.

அவர் கேட்டது 1964ன் ஒலியா என்றால், இல்லை. பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் அது சமதரையாகாது. அறுபது வருஷ ஞாபகம் மீதியை நிரப்பிக்கொண்டிருக்கும். அந்த ஞாபகத்துக்கு ஒரு பிடி கிடைத்தது, அவ்வளவுதான். பழைய பெட்டிகளைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர், நல்ல பொருளைக் கெடுத்துவிட்டாய் என்று கோபித்துக்கொண்டார். அவருடைய ஏ.ஸி.30 கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது, மின்சாரம் அதற்குப் போவதில்லை.

புதிய கண்டென்ஸரின் கால்களை வெட்டாமல் நீளமாக விட்டு, சிவப்பு ஸ்லீவ் போட்டு, பழையதன் மேலேயே பற்றவைத்தேன். ஒரு காலை வெட்டினால் போதும், பெட்டி முன்போல் ஆகிவிடும். கழற்றியவற்றை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள் ஒட்டினேன். எடுத்துப் போக வந்த அன்று பேரனை அருகில் கூப்பிட்டு, எந்தக் காலை வெட்ட வேண்டும் என்று காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டான். எப்போது என்று கேட்கவில்லை.